அடிபிடியும் சிரிப்பும்

மதுரையை மையமாகக் கொண்டு இயங்கும் ஸ்பெஷல் நாடகத்தில் வன்முறை இரு வகையாக மேடையேறுகிறது. கோவலன் கொலையும், சந்திரமதியின் கழுத்துக்கு நேரே அரிச்சந்திரன் வாளோங்குவதும் கதை கேட்பவை. நகைச்சுவைக்காகச் சேர்வது கணவன் மனைவிச் சண்டையான ‘அடிபிடி’. சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூலின் ஓர் இயல் முழுவதும் இதைப் பற்றியதுதான்.

இக்காட்சிக்குச் சொல்லப்படும் நியாயங்கள் பொய்யல்ல. அடி பாவனை. வீட்டுக்குள் மறைத்து வைத்ததை ஊர் நடுவே போட்டு உடைக்கிறது. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்த பெண்களும் தங்கள் வாழ்க்கையை அடையாளம் கண்டே சிரிக்கிறார்கள்.

ஆயினும் குறை அடியைக் காட்டுவதில் இல்லை; வலியைக் காட்டாமல் விடுவதில் இருக்கிறது. சந்திரமதியை நோக்கி வாள் உயரும்போது அதற்கு முன் ஓர் இரவு நேரத்துத் துயரமும், பின்னால் தெய்வத்தின் தீர்ப்பும் நிற்கின்றன. அடிபிடியில் விழும் ஒவ்வோர் அடிக்கும் ‘ஆல்ரவுண்ட்’ வாத்தியக்காரர் ஓசை கொடுக்கிறார். அடிபட்டவள் எழுந்து அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறாள். காயம் இல்லை, மறுநாள் காலை இல்லை. ஊர் ஊராகத் தனித்தனியே ஒப்பந்தமாகி, ஒத்திகையும் இயக்குநரும் இல்லாமல் மேடையில் சந்திக்கும் நடிகர்கள் இவர்கள். எந்த இடத்தில் கைதட்டல் விழுகிறதோ அந்த இடம் நீளும். நிறுத்தச் சொல்ல ஆளில்லை. அடையாளம் காணும் சிரிப்பு என்ற வாதமும் பாதி தூரமே வரும். அதே பந்தலில் சிரிக்கும் கணவன் எதை அடையாளம் காண்கிறான் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

எமன் வேடத்தில் வந்த சங்கரதாஸ் சுவாமிகளைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கருக்கலைந்தது என்றும், அதன்பின் அவர் வேடமிடுவதையே விட்டார் என்றும் நாடக உலகில் சொல்வார்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய ஆசிரியர் அவர். அச்சத்துக்கு நடிகன் பொறுப்பு என்று ஏற்ற மரபு, சிரிப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது.

மேடைக்கு வரம்பு கட்டுவது புதிதல்ல. ஊர்த் திருவிழா ஆடல் பாடலுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விதிக்கும் நிபந்தனைகளில் ஆபாசத்துக்கும் இரட்டை அர்த்தத்துக்கும் தடை தவறாமல் இடம்பெறுகிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ 2006 முதல் நடப்பில் இருக்கிறது. பெண்டாட்டியை அடிப்பதற்கு எதிராகத் தனிச் சட்டமே வந்த பிறகும் அதை வெறும் தமாஷாக மேடையேற்றுவது நாடகக் கலைக்குத் தேவையில்லாத சுமை. நடிகர் சங்கங்கள் அதை இறக்கி வைக்கலாம்.