அரை ஃபிரேம்

ஒரு கல்லூரி மாணவர் நண்பர்களின் பாட்டுக்கு எடுத்த மூன்று நிமிஷப் படத்தைத் தொகுக்கையில் இரண்டு இரவுகள் உடனிருந்தேன். தட்டுக்கு ஒரு வெட்டு என்பது அவர் தீர்மானம். தாளம் நிமிஷத்துக்கு 120 தட்டு. படம் வினாடிக்கு 25 ஃபிரேம். ஆக, தட்டுக்குப் பன்னிரண்டரை. அரை ஃபிரேமில் வெட்ட முடியாது. 12, 13 என்று மாற்றி மாற்றி வெட்டினார். அந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தது வேறு: எந்த முகமும் முகமாவதற்குள் போய்விடுகிறது.

ஐஸன்ஸ்டைன் 'அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி'யில் (1938) சில காட்சிகளை ப்ரோகோஃபீவின் இசைக்கேற்பத் தொகுத்தார். சிலவற்றுக்குத் தொகுத்த பிறகே இசை எழுதப்பட்டது. பிம்பமும் இசையும் சச்சரவிட அங்கே இடமிருந்தது. இங்கே பிம்பம் தலையாட்டுகிறது, அவ்வளவே. (நம் சினிமாப் பாட்டுகளில் பலவும் இப்படித்தான்.)

ஒரு ஷாட் தப்பித்திருக்கலாம். ஒலிபெருக்கியில் பாட்டு ஓட, பாடும் பெண் வரியை மறந்து, உதட்டசைப்பதை விட்டுவிட்டு, ஆறு வினாடி காமிராவுக்கு அப்பால் யாரையோ பார்த்து நிற்கிறாள். உதடு சேரவில்லை, எடுத்துவிடுங்கள் என்று சொன்னவன் நான்தான். கல்லூரியில் திரையிட்டபோது அந்த இடத்தில் 12 வெட்டுகள் வந்து போயின, தாளம் பிசகாமல்.