தலைப்பு மாறினால் பாக்கி தீருமா?

சித்தேரிக்காரர்களுக்கு ஒரு வினோதமான பிரச்னை உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம் மலையேறினால் வரும் ஊர் சித்தேரி. ஊர் என்றால் ஒரே ஊர் இல்லை, மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் கூட்டம். அங்கே பெரும்பான்மையாக வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். மலையில் வாழ்கிறவர், மலையை ஆள்கிறவர் என்று பொருள் சொல்கிறார்கள். கேரளாவுக்கும் அவர்களுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக அவர்களுக்குள் ஒரு கதை உண்டு. ஆனால் கீழே இறங்கி வந்து "நாங்க மலையாளிங்க" என்று சொன்னால், "அப்படியா, திருச்சூரா பாலக்காடா?" என்று கேட்க நம்மிடம் ஆள் இருக்கிறது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமேல் சிரிக்க முடியாது. தர்மபுரி, சேலம் என்று சில மாவட்டங்களின் பெயரைக் குறிப்பிட்டு, அங்கே இருக்கும் மலையாளிகள் மட்டும் பட்டியல் பழங்குடி என்கிறது சட்டம். அந்தப் பட்டியலில் ஈரோடு மாவட்டம் இடம்பெறாததால், பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளிகள் பல பத்தாண்டுகளாகச் சான்றிதழுக்கு அலைந்திருக்கிறார்கள். அதே மக்கள், அதே பெயர். மாவட்ட எல்லையைத் தாண்டினால் பையனுக்கு ஸ்காலர்ஷிப் இல்லை.

"பெயரில் என்ன சார் இருக்கு?" என்று கேட்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் பெயர் எல்லா ரிஜிஸ்தரிலும் ஒழுங்காக இருக்கும்.

'பொலிட்டிகல் கரெக்ட்னஸ்' என்ற சமாசாரத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். தமிழில் 'அரசியல் சரி' என்கிறார்கள். அரசியலில் எது சரி என்று கேட்காதீர்கள். ஒருத்தரைக் குறிப்பிடும்போது அவரைக் காயப்படுத்தாத சொல்லால் குறிப்பிடு என்பதுதான் சாரம். அமெரிக்க இடதுசாரிகள், கட்சி லைனைப் பிசகாமல் பேசும் தங்கள் தோழர்களையே கிண்டலடிக்க வைத்திருந்த வார்த்தை இது. 1990 வாக்கில் அங்கே பெரிய சண்டையாயிற்று. 1991 மே மாதம், மிச்சிகன் பல்கலைக்கழக விழாவில் சீனியர் புஷ் இதனால் பேச்சு சுதந்திரத்துக்கே ஆபத்து என்று கவலைப்பட்டார்.

அதற்கு அடுத்த வருஷம், 1992 ஜூன் 20. சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்திக்கு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போயின. சந்தனக்கட்டை தேடிப் போனதாகச் சொன்னார்கள். பிறகு நடந்தது நாடறிந்த கதை. வீடுகள் சூறையாடப்பட்டன. ஊர் ஜனங்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். அரசுத் தரப்பு முதலில் எல்லாவற்றையும் மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் பழங்குடி மக்கள் சங்கமும் கோர்ட் கோர்ட்டாக ஏறி, சி.பி.ஐ. விசாரணை வந்து, 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல், சரியாக அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இவ்வளவும் நடந்தது என்றும் சொன்னது.

வார்த்தை விவகாரத்தில் வாச்சாத்தி எங்கே வந்தது?

நான் படித்தது காமர்ஸ். அக்கவுன்டன்சியில் 'எரர் ஆஃப் பிரின்சிபிள்' என்று ஒரு பாடம் வரும். ஒரு செலவைத் தப்பான தலைப்பில் எழுதிவிட்டால், டிரயல் பேலன்ஸ் கச்சிதமாக டேலி ஆகும். கூட்டல் சரி, கழித்தல் சரி, இரண்டு பக்கமும் சமம். ஆனால் கணக்கு தப்பு. இந்தத் தப்பைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் பார்வைக்கு எல்லாமே ஒழுங்காக இருக்கும்.

வாச்சாத்தி ஃபைலும் அப்படித்தான் டேலி ஆனது. ரெய்டு போனோம், கட்டை பிடித்தோம், ஆட்களைக் கைது செய்தோம். எல்லாம் சரி. ஒரே ஒரு தப்பு: ஒரு ஊரையே 'கடத்தல்காரர்கள்' என்ற தலைப்பில் எழுதிவிட்டார்கள். அந்தத் தலைப்பின் கீழே போய்விட்டால் பிறகு அங்கே பெண் இல்லை, குழந்தை இல்லை, பாட்டி இல்லை. எல்லாம் கடத்தல்காரர். அடிக்கிற கை கூசாது. தடி வீசுவதற்கு முன்னால் வார்த்தை வந்துவிடுகிறது.

இது வாச்சாத்தியில் ஆரம்பித்ததும் இல்லை. 1871-இல் வெள்ளைக்காரன் 'குற்றப் பரம்பரை' என்று ஒரு சட்டம் போட்டான். பிறக்கும் குழந்தையே குற்றவாளி. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது, 1952-இல் நாடு முழுக்க ஒழிந்தது. ஆனால் அந்த எண்ணம் சிறைத்துறை விதிப் புத்தகங்களில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது எப்போது தெரியுமா? 2024 அக்டோபர் 3. சட்டம் செத்து 72 வருஷம் கழித்து! சட்டத்தைவிட வார்த்தைக்கு ஆயுசு கெட்டி.

ஆகவே, இந்த 'அரசியல் சரி' ஏதோ அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் கண்டுபிடித்த ஃபேஷன் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் இதற்கு நூறு வயசு தாண்டிவிட்டது. 1922-இல் எம்.சி.ராஜா சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அதுவரை அரசு எழுதிவந்த இழிசொற்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று எழுத வைத்தார். சம்பந்தப்பட்டவர்களே கேட்டு வாங்கிய சொல் அது. பத்து வருஷம் கழித்து காந்தி 'ஹரிஜன்' என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பெயரை யாருக்கு வைத்தாரோ அவர்கள் கேட்கவில்லை. அம்பேத்கர் ஏற்கவில்லை. கடைசியில் 1982-இல் சாதிச் சான்றிதழில் அந்த வார்த்தையை எழுதக்கூடாது என்று மத்திய அரசே சொல்ல வேண்டி வந்தது.

இதிலிருந்து எனக்கு இரண்டு கேள்விகள் கிடைக்கின்றன. புதுசாக ஒரு மரியாதைச் சொல் வரும்போதெல்லாம் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, இந்தச் சொல்லைக் கேட்டது யார்? இரண்டு, சொல்லோடு கூட என்ன வந்தது?

'திருநங்கை' என்ற சொல் பரவிய காலத்தில், 2008-இல், இந்தியாவிலேயே முதல் முறையாக அவர்களுக்கு நல வாரியம் வந்தது. பாஸ். மலைவாசிகளைப் பற்றியே பாருங்கள். காட்டுக்குள் பாட்டன் காலத்திலிருந்து உழுதவனுக்கு அரசுக் காகிதத்தில் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. 2006 வன உரிமைச் சட்டம் அவனை 'வனத்தில் வாழ்பவர்' என்று எழுதியது. இதுவரை நடந்தது வரலாற்று அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. உரிமை கோரிக்கை விசாரித்து முடியும்வரை வெளியேற்றக்கூடாது என்றும் சொன்னது. தலைப்பு மாறியது, கூடவே பாத்தியதையும் வந்தது. தமிழ்நாட்டில் அது கைக்கு வர வழக்கு, வாய்தா என்று பல வருஷம் இழுத்தது வேறு கதை. ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது.

இனி ஃபெயிலான கேஸ். துப்புரவுத் தொழிலாளியை 2020-இல் 'தூய்மைப் பணியாளர்' ஆக்கினோம். கொரோனாவில் 'முன்களப் பணியாளர்' ஆக்கிக் கைதட்டினோம், மாலை போட்டோம், காலில் விழுந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். 2025 ஆகஸ்டில் அதே பணியாளர்கள், எங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள் என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பெயர் மட்டும் பிரமாதமாக இருந்தது. கணக்கு பாஷையில் சொன்னால், தலைப்பை மாற்றி, பாக்கியை அப்படியே கேரி ஃபார்வர்ட் செய்துவிட்டோம்.

'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். நல்ல காரியம். அட்ரஸில் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் குரல் மாறும் ஆட்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதே தர்மபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் பக்கத்துத் தலித் குடியிருப்புகளும் எரிக்கப்பட்டன. 250-க்கும் மேற்பட்ட வீடுகள். தீ வைத்தவர்கள் பெயர்ப் பலகையைப் படித்துப் பார்த்து வரவில்லை. பலகை இல்லாவிட்டாலும் வழி தெரியும்.

"அப்ப என்னதான் சார் சொல்றீங்க? பேர் மாத்தணுமா, வேண்டாமா?"

மாற்ற வேண்டும். கண்டிப்பாக. தப்பான தலைப்பில் எழுதிய கணக்கு என்றைக்கும் சரியாகாது. "முன்னல்லாம் எவ்வளவு ஜாலியா காமெடி பண்ணலாம், இப்ப எதைச் சொன்னாலும் சண்டைக்கு வர்றாங்க" என்று அங்கலாய்ப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். முன்பும் அவர்களுக்குக் கோபம் வந்தது. திருப்பிச் சொல்ல மைக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சரியான வார்த்தை தெரிந்தவன் நல்லவன் என்று வைத்துவிட்டால், நல்லவனாக இருப்பது ரொம்ப சல்லிசாகிவிடும். 'மாற்றுத்திறனாளி' என்று பிசகாமல் எழுதிவிட்டு, ஆபீஸ் வாசலில் நாலு படிக்கட்டு வைத்து, சாய்தளம் கட்ட மறந்துபோகலாம். பழைய வார்த்தையைச் சொல்லிவிட்ட கிராமத்துப் பெரியவர் மேல் பாய்ந்து பிடுங்கலாம். அவரோ அந்த ஊனமுற்ற பையனைத் தினமும் சைக்கிளில் வைத்து ஸ்கூலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவராக இருப்பார். புது வார்த்தை எப்போதும் முதலில் இங்கிலீஷ் படித்தவனுக்குத்தான் வந்து சேருகிறது. அதை வைத்துப் படிக்காதவனை மட்டம் தட்டினால், அது மரியாதை இல்லை, புது மாதிரி ஜாதி.

வாச்சாத்திப் பெண்களை அரசுக் காகிதங்கள் எத்தனையோ பெயரில் குறித்திருக்கின்றன. கைதி, சாட்சி, பாதிக்கப்பட்டவர், பயனாளி. அவர்கள் பக்கம் நியாயம் சாய்ந்தது காகிதத்தில் பெயர் அழகானதால் இல்லை. மிரட்டலுக்கும் வருஷக்கணக்கான அலைச்சலுக்கும் அசராமல் கோர்ட்டில் நின்று, இன்னார் இன்னார் என்று அடையாளம் காட்டியதால். 'கடத்தல்காரர்' என்ற தலைப்பை அடித்துத் திருத்த அவர்களுக்குத் தர்மபுரி நீதிமன்றம் வரை 19 வருஷம், உயர் நீதிமன்றத்தையும் தாண்ட 31 வருஷம் ஆயிற்று.

அடுத்த தடவை யாராவது "இந்த வார்த்தையைச் சொல்லாதீங்க" என்று உங்களைத் திருத்தினால், கோபப்படாமல் திருத்திக்கொள்ளுங்கள். காசா, பணமா? திருத்தியவரிடம், "சரிங்க, இதோட கூட என்ன தரப்போறோம்?" என்றும் கேட்டுவிடுங்கள்.