மருந்துச்சீட்டு யார் கையில்?

உளவியலாளர்களுக்கும் மருந்து எழுதும் உரிமை வேண்டும் என்ற குரலைக் கேட்டதும் நம் சிறுபத்திரிகை நண்பர்களுக்கு ஓர் உற்சாகம் வந்துவிடுகிறது, மருத்துவத்தின் ஏகபோகம் உடைகிறது என்று. எனக்கு அப்படித் தோணல. மருந்துச்சீட்டு ஓர் அதிகாரப் பிரதி என்றால், அதை எழுதும் கைகளைக் கூட்டுவது எப்படி அதிகாரத்தை உடைப்பதாகும்?

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ 2002இலும் லூசியானா 2004இலும் தனிப்பயிற்சி பெற்ற உளவியலாளர்களுக்கு இவ்வுரிமையைச் சட்டமாக்கின. மனநல மருத்துவர்கள் போதவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். இங்கே அக்காரணம் தலைகீழாக நிற்கிறது: முறையாகப் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர்கள் இந்தியாவில் மனநல மருத்துவர்களைவிடக் குறைவு. இல்லாத கைகளில் பேனாவைக் கொடுத்து யாருடைய பற்றாக்குறையைத் தீர்ப்பது?

நம்முடைய 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, தன் துறைக்கு உட்படாத மருந்தை யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. ஆனால் மனநலப் பிரிவில் சில வாரங்களே பயின்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர் தூக்க மாத்திரை எழுதலாம். மனதைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் படித்தவர் எழுதக் கூடாது. ஆக, 'தகுதி' என்பது அறிவை மட்டும் குறிக்கும் சொல்லல்ல; யார் எதைத் தொடலாம் என்று பிரித்துவைக்கும் சொல்லும்தான். அதற்காக மருத்துவர்களின் எச்சரிக்கையை வெறும் தொழில் பொறாமை என்று தள்ளிவிடவும் முடியாது. லித்தியம் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். மனசுக்குன்னு கொடுக்கிற மருந்தும் உடம்பு வழியாத்தான் போகுது.

இதையெல்லாம் சேவூரில் வைத்து யோசிக்கிறேன். முதலாளியிடம் வாங்கிய முன்பணம், பாவு வராமல் சும்மா கிடக்கும் தறி, வட்டி. "ராத்திரியெல்லாம் கண்ணே மூடல சார்" என்று ஆரணிக்குப் போகிற பட்டு நெசவாளி மாத்திரையோடு திரும்புகிறார். 'கடன் எவ்வளவு?' என்று கேட்க அங்கே ஆளில்லை. அதைக் கேட்கக்கூடியவர் உளவியலாளர். அவரிடமும் மருந்துச்சீட்டைக் கொடுத்து, வெளியே இருபது பேரை நிற்கவைத்தால், அந்தக் கேள்வி எத்தனை நாள் உயிரோடிருக்கும்? மனநல மருத்துவமும் ஒருகாலத்தில் பேச்சை நம்பிய துறைதானே.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? ஃபூக்கோவைத் துணைக்கழைத்து எல்லா மருந்தையும் ஒடுக்குமுறை என்று பேசும் தோழர்கள் ஏர்வாடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். முறையான சிகிச்சை எட்டாத இடத்தில் விடுதலை வந்து உட்காருவதில்லை. சங்கிலிதான் வந்து உட்காருகிறது.

ஆகவே என் கோரிக்கை வேறு. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளர் பணியிடம் இருக்கிறது. அது எல்லா மாவட்டத்திலும் நிரந்தர வேலையாக, கௌரவமான சம்பளத்தோடு நிரப்பப்பட வேண்டும். 'இவருக்கு இந்த மருந்து தேவையா?' என்று அவர் நோயாளியின் கோப்பில் எழுதினால், மருத்துவர் அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். மருந்து எழுதுகிறவர்கள் நம்மிடம் கொஞ்சமாவது இருக்கிறார்கள். எழுதிய மருந்தைக் கேள்வி கேட்க ஆளில்லை.