சக்கரம் தொங்கினால் முறுக்கு நீங்குமா?

பள்ளி இயற்பியல் நூலில் 'முறுக்கு' என்னும் பாடத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். மெல்லிய கம்பி ஒன்று மேலே இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். கீழே ஒரு வட்டத் தட்டு தொங்கும். தட்டைச் சற்றுத் திருப்பி விட்டால் அது இப்படியும் அப்படியும் மெல்லத் திரும்பி அலையும். அலைவு நேரத்தைக் குறித்து, கம்பியின் விறைப்புக் குணகத்தைக் கணக்கிட்டு, விடையின் கீழ்க் கோடு போட்டுவிட்டால் பாடம் முடிந்தது. கம்பி கைதவறி விடுபட்டாலும் யாருக்கும் தீங்கில்லை. அதே பாடம் ஒரு பிக்-அப் வண்டியின் அடியில், கட்டை விரலைவிடச் சற்றுப் பருத்த எஃகுத் தண்டாகக் கிடக்கிறது. அங்கே கைதவறினால் விரல் போகும், முகமும் போகலாம்.

அந்தத் தண்டைக் கழற்றி மாற்றும் வேலைக்காகப் பணிமனைக் கையேடுகளும் உதிரிப் பொருளோடு வரும் தாள்களும் தரும் குறிப்புகளைத்தான் இங்கே மதிப்பிடப் போகிறோம். "முன்பக்கத்தை உயர்த்துக, தண்டின் சுமையை நீக்குக, தண்டை உருவி எடுக்க" என்னும் பாணியில்தான் அவை பெரும்பாலும் அமைந்திருக்கின்றன. வரிசையில் பிழையில்லை. ஆனால் 'சுமையை நீக்குக' என்ற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. பாடநூலோ ஆபத்துக்கான சூத்திரத்தைத் தருகிறது, வண்டியைக் காட்டுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

முதலில் தண்டைக் காண்போம். முறுக்கிய கம்பியின் திருப்பு விசை அது முறுக்கப்பட்ட கோணத்திற்கு நேர்விகிதத்திலும், நீளத்திற்கு எதிர்விகிதத்திலும், விட்டத்தின் நான்காம் அடுக்கிற்கு நேர்விகிதத்திலும் அமையும் என்று பிரெஞ்சு அறிஞர் கூலும் 1784ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். இதை வாகனத்தில் வில்லாகப் பயன்படுத்தும் ஓர் அமைப்புக்கு ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் காப்புரிமை கோரினார். 1934இல் வந்த சிட்ரோன் காரிலும் 1957ஆம் ஆண்டு மாதிரி கிரைஸ்லர் கார்களிலும் முறுக்குத் தண்டு இடம்பெற்றது. அமெரிக்காவின் செவர்லே பிக்-அப்கள் 1960 முதல் 1962 வரை முன்பக்கத்தில் இதைக் கொண்டிருந்து, 1963இல் சுருள்வில்லுக்கு மாறின. நம் நாட்டு டாடா சுமோவின் முன்பக்கத்திலும் இத்தகைய தண்டுகள்தாம் இருந்தன. கமான் பட்டையைத் தேடிக் குனிந்து பார்த்து ஏமாந்தவர்கள் இதை அறிவார்கள்.

நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் 1988ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்-அப் வகை. முன் சக்கரங்களுக்கும் எஞ்சின் ஆற்றல் செல்ல வேண்டுமானால், சாதாரணமாகச் சுருள்வில் நிற்கும் இடத்தின் வழியே அச்சுத் தண்டு போயாக வேண்டும். முறுக்குத் தண்டோ சட்டத்தை ஒட்டி நீளவாக்கில் படுத்துக்கொள்ளும், இடத்தை அடைப்பதில்லை. அதன் முன் நுனி அறுகோணமாக அமைந்து, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் துளைக்குள் பொருந்துகிறது. பின் நுனி, வண்டியின் நடுப்பகுதியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் ஒரு குட்டையான நெம்புகோலுக்குள் நுழைகிறது. அந்த நெம்புகோலை ஒரு போல்ட் தள்ளிப் பிடித்திருக்கிறது. சக்கரம் மேலெழும்போதெல்லாம் தண்டு முறுக்கேறுகிறது. சிக்கனமான அமைப்பு, பாராட்டத்தக்கதும்கூட.

இப்போது கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டின் விட்டம் 30 மில்லிமீட்டர், நீளம் 1.2 மீட்டர், எஃகின் விறைப்புக் குணகம் சதுர மீட்டருக்கு 8,000 கோடி நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால், தண்டை ஒரு பாகை முறுக்குவதற்கு ஏறத்தாழ 92 நியூட்டன்-மீட்டர் திருப்பு விசை வேண்டும். ஒரு முன் சக்கரத்தின் மேல் 5,000 நியூட்டன் எடை இருந்து, கீழ்க் கையின் நீளம் 40 சென்டிமீட்டராக இருந்தால், தண்டின் மேல் 2,000 நியூட்டன்-மீட்டர் விழும். தண்டு ஏறத்தாழ 21.6 பாகை முறுக்கியிருக்கும். அதில் தேங்கியுள்ள நிலை ஆற்றல் 377 ஜூல். இது 38 கிலோகிராம் பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

வண்டியின் சட்டத்தை உயர்த்திச் சக்கரத்தைத் தொங்கவிடுகிறோம். கீழ்க் கை ரப்பர் தடுப்பில் போய் நிற்கும் வரை, சக்கரம் 10 சென்டிமீட்டர் கீழிறங்குகிறது எனலாம். அது 14.5 பாகை முறுக்கை அவிழ்க்கும். மீதி? 7 பாகைக்கு மேல் இன்னும் முறுக்கு இருக்கிறது! சக்கரம் அந்தரத்தில் ஆடுவதைக் கண்டு "சுமை போய்விட்டது" என்று நினைப்பவரின் கண் முன்னால், தண்டில் இன்னும் சுமார் 650 நியூட்டன்-மீட்டர் காத்திருக்கிறது. போல்ட்டுக்கும் தண்டின் மையத்துக்கும் இடையே 12 சென்டிமீட்டர் இருந்தால், போல்ட்டின் நுனியில் ஏறத்தாழ 560 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை அழுத்திக்கொண்டிருக்கும். இவை கணக்கிற்காக நான் எடுத்துக்கொண்ட அளவுகள். வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் மீதி முறுக்கு என்பது பூஜ்யமல்ல என்ற முடிவு மாறாது. கீழ்க் கையைத் தடுப்போடு அழுத்தி வைத்திருப்பதே அந்த மீதிதான்.

இங்கேதான் குறிப்புகளின் மேல் என் முதல் குறை. 'முன்பக்கத்தை உயர்த்துக' என்பதில் ஜாக்கியை எங்கே வைப்பது? கீழ்க் கையின் அடியில் வைத்தால் சக்கரம் தரையை விட்டு எழும்பும். பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் தண்டின் மேல் வண்டியின் முழு எடையும் அப்படியே இருக்கும். போல்ட்டின் மேல் 1,700 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை! தேங்கும் ஆற்றல் கோணத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், தொங்கும் நிலையைவிட இது ஒன்பது மடங்குக்கும் அதிகம். ஆகவே ஸ்டாண்டுகள் சட்டத்தின் அடியில்தான் நிற்க வேண்டும். இரண்டு சக்கரங்களும் தாராளமாகத் தொங்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தினால், இரு கைகளையும் இணைக்கும் சாய்வுத் தடுப்புத் தண்டு, உயர்த்திய பக்கத்துச் சக்கரத்தை முழுமையாக இறங்க விடாது. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற சில வண்டிகளில் நெம்புகோலைப் பிடிக்கும் போல்ட் நீளமானது. சக்கரங்களைத் தொங்கவிட்டு நட்டைத் தளர்த்திக்கொண்டே வந்தால், மரை தீருமுன் முறுக்கு தீர்ந்துவிடும். நாம் எடுத்துக்கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் வகையில் அப்படியல்ல. போல்ட்டின் மரை முடிந்த பிறகும் நெம்புகோலில் முறுக்கு மீதமிருக்கும். ஆகவே அங்கே தனிக் கருவி ஒன்று வேண்டும். வலுவான வளைந்த சட்டமும் நடுவே தடித்த திருகும் கொண்ட அந்தக் கருவி, நெம்புகோலின் குழியில் திருகு நுனியைப் பதித்து, போல்ட்டுக்குப் பதிலாகத் தானே சுமையை ஏற்கிறது. அதன் பிறகே போல்ட்டையும், சட்டத்தில் செருகியிருக்கும் நட்டுக் கட்டியையும் எடுக்கலாம். பிறகு கருவியின் திருகை நிதானமாகப் பின்வாங்க, நெம்புகோல் தளர்ந்து ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம்தான் 'சுமை நீங்கியது' என்பதற்கு ஒரே நம்பகமான சான்று.

தொழிற்சாலைக் கையேடுகள் இக்கருவியைக் கட்டாயம் என்று கூறுகின்றன. அதற்காக அவற்றைப் போற்ற வேண்டும். ஆனால் காரணத்தைச் சொல்லாத கட்டளை எத்தனை நாள் மதிக்கப்படும்? முதலில் நீள போல்ட் வண்டியில் பழகிய தொழிலாளிக்கு, இந்தக் கருவி விற்பனைத் தந்திரம்போல் தோன்றுவது இயற்கையே. அவர் பல்சக்கரம் கழற்றும் இரு கால் புல்லரையோ ஒரு சாதாரணக் கவ்வியையோ எடுத்து மாட்டுவார். அதன் கால்கள் வழுக்குமானால் நெம்புகோல் அம்புபோல் திரும்பும். 'மரை முடிந்தாலும் முறுக்கு முடியாது' என்ற ஒரே ஒரு வரியைக் கையேட்டில் சேர்த்திருந்தால் போதும். அதோடு, திருகைத் திருப்பும்போது முகமும் கையும் நெம்புகோல் சுழலும் வழியில் இருக்கலாகாது என்று ஒரு படமும் வேண்டும். கருவி, போல்ட், சட்டம் எல்லாவற்றையும் அழகாக வரைகிறார்கள். வேலை செய்பவரின் தலை எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் வரைவதில்லை.

"இடது தண்டை வலப்பக்கம் மாட்டாதே" என்பது குறிப்புகளில் தவறாமல் காணப்படும் இன்னொரு கட்டளை. இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். மாற்றினால் என்ன என்று எந்த மாணவரும் கேட்பார். விடை சுவையானது. செய்யும் இடத்திலேயே தண்டை அதன் மீட்சி எல்லையைத் தாண்டி ஒரே திசையில் முறுக்கி விடுகிறார்கள். வெளிப்பகுதி நிரந்தரமாகச் சற்று நெகிழ்ந்துவிடுகிறது. உட்பகுதி பழைய நிலைக்குத் திரும்ப முயன்று வெளிப்பகுதியை எதிர்த்திசையில் இழுத்துப் பிடிக்கிறது. பிறகு வண்டியில் அதே திசையில் முறுக்கும்போது, மேற்பரப்பின் தகைவு அந்த அளவுக்குக் குறைகிறது. பக்கம் மாறினால் முறுக்கும் திசை மாறும். உதவி செய்த தகைவே சுமையோடு சேர்ந்துகொள்ளும். தண்டு அன்றே உடைந்துவிடாது. உலோகக் களைப்பால் ஒரு நாள், ஓட்டத்தில் உடையும். நுனியில் பொறித்த இடது வல அடையாளத்துக்குப் பின்னால் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது.

மேற்பரப்பைக் காப்பதும் இதைச் சேர்ந்ததே. நம் எடுத்துக்காட்டில் தண்டின் மேற்பரப்பில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 377 நியூட்டன் சறுக்குத் தகைவு, மையத்தில் ஒன்றுமில்லை. சாதாரண மென்னெஃகு இதில் பாதியைக்கூடத் தாங்காமல் நெகிழ்ந்துவிடும். ஆகவே துருவேறித் துளையில் சிக்கிய தண்டைக் குழாய் ஸ்பானரால் கடித்துத் திருப்புவதும், வாயு விளக்கால் காய்ச்சுவதும் கூடாது. பல்லின் வடு விரிசலுக்கு வித்து. சூடு, எஃகுக்கு ஊட்டிய பதத்தைக் குலைக்கும். ஊடுருவும் எண்ணெயை விட்டுக் காத்திருப்பதே வழி. பொறுமையைக் கையேட்டில் அச்சிட முடியாதுதான்.

புதுத் தண்டு வாங்கும்போது நான்காம் அடுக்கை மறக்காதீர்கள். 30 மில்லிமீட்டருக்குப் பதில் 33 போட்டால் பருமன் பத்தே விழுக்காடு கூடுகிறது. விறைப்போ 46 விழுக்காடு உயர்கிறது. 'கொஞ்சம் தடிமனாகப் போட்டால் நல்லது' என்ற அறிவுரையைக் கேட்பவர்கள் பிறகு முதுகுவலியோடு வருவார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறொன்றும் பரவலாக உள்ளது. போல்ட்டை இறுக்கினால் வில் 'கெட்டியாகும்' என்பார்கள். சூத்திரத்தைப் பாருங்கள், நீளம், விட்டம், விறைப்புக் குணகம் தவிர வேறெதுவும் தண்டின் விறைப்பைத் தீர்மானிப்பதில்லை. போல்ட் வண்டியின் உயரத்தைத்தான் மாற்றுகிறது. இறுக்கிய வண்டி கடினமாக ஓடுவது உண்மை. கீழ்க் கை தடுப்புக்கு அருகிலேயே நிற்பதால், பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமின்றித் தடுப்பில் மோதுவதே அதற்குக் காரணம். 'இறுக்குதல்' என்ற சொல்லே இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. 'உயரம் திருத்தும் போல்ட்' என்று பெயர் வைத்திருந்தால் பாதித் தவறு குறைந்திருக்கும்.

குறிப்புகள் மிக நன்றாக எழுதப்பட்டிருப்பது கடைசிக் கட்டத்தில்தான். கழற்றுமுன் போல்ட்டின் வெளியே தெரியும் நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, புதிதைப் பூட்டும்போது அங்கிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தைச் சிலமுறை அழுத்தி விட்டு, சமதரையில், டயரில் குறித்த காற்றழுத்தத்தோடு உயரத்தை அளக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டு விளிம்பிலிருந்து அளப்பது எளிது. ஆனால் தகடு நசுங்கியிருக்கலாம், ஒட்டுப்போட்டிருக்கலாம். கீழ்க் கையின் சுழல் புள்ளியை வைத்துக் கையேடு குறிப்பிடும் அளவே சரியானது. இரு பக்கமும் ஒத்து வந்தபின் சக்கரக் கோணங்களைச் சரிபார்த்து, முன் விளக்குகளின் நோக்கையும் திருத்திவிட்டால் வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.