“தூய்மையான உலோகநிலை”: ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது

கம்பம் சாலையோரத்து லாரிப் பட்டறைகளில் கருநிற கிரீஸைக் கண்டிருப்பீர்கள். அவ்வகை கிரீஸ் சிலவற்றில் மாலிப்டினம் டைசல்பைடு கலந்திருக்கும். வாழை மட்டைகளைப் போல் அடுக்கடுக்கான படிகம் இது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் மசகாகப் பயன்படுகிறது. கொடைக்கானல் மலைக்கு வடபுறம், பழனி வட்டாரத்துக் கரடிக்குட்டத்துப் பாறைகளிலும் இப்பொருள் மாலிப்டினைட் என்னும் கனிமமாக உள்ளது.

இயற்கையில் கிடைப்பது குறைகடத்தி. மாலிப்டினத்தைச் சூழ்ந்த ஆறு கந்தக அணுக்களின் அடுக்கமைப்பு மாறினால் அது உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும். நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க, விலையுயர்ந்த பிளாட்டினத்துக்கு மாற்றாகலாம் என்பதால் இதில் இத்தனை ஆர்வம். பழைய முறையில் அடுக்குகளுக்கிடையே லிதியத்தைப் புகுத்துவார்கள். அதற்கான பியூட்டைல் லிதியம் காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடியது. 2016-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஜெங் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, பிரஷர் குக்கர் போன்ற மூடிய கலத்தில் நீர்வெப்ப முறையால் இதைச் செய்து காட்டியது. எளிமையே அதன் பெருமை. 10 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு சதுர செ.மீ.க்குப் பெற 175 மில்லிவோல்ட் போதுமானதாயிற்று. இது பாராட்டத்தக்கதே.

எனக்கு உறுத்துவது தலைப்பிலுள்ள ‘தூய’, ‘நிலையான’, ‘உலோக’ என்னும் மூன்று சொற்கள். தகடுகளின் இருபுறமும் ஒட்டிய நீர் மூலக்கூறுகளே அவற்றைக் காக்கின்றன என்று ஆசிரியர்களே கூறுகின்றனர். அப்படியானால் நிலைத்தன்மை நீருக்குள் இருக்கும்வரைதான். உலர்ந்த பொடிக்கு அதே உறுதியைத் தர இயலுமா? அவர்கள் காட்டும் முக்கியச் சான்று 146 செ.மீ.⁻¹ இராமன் கோடு. அது மாலிப்டின அணுக்கள் தமக்குள் நெருங்கிய, திரிந்த அமைப்பின் அடையாளம். அத்தகைய அமைப்பில் சிறு ஆற்றல் இடைவெளி இருக்கலாம் என்று கோட்பாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. ஆகவே ‘உலோகம்’ என்பதும் கேள்விக்குரியதே.

இதை நான் வலியுறுத்தக் காரணம், நம் மாணவர்களின் திட்ட அறிக்கைகள். கலத்தில் 200 டிகிரியில் வைத்து, எக்ஸ்-கதிர்ப் படத்தில் முதல் கோடு 14 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்கு நகர்ந்ததும் ‘உலோகநிலை கிடைத்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அடுக்குகளுக்கிடையே நீரோ அம்மோனியமோ புகுந்து இடைவெளி விரிந்தது என்பதற்கு மேல் அக்கோடு எதையும் சொல்லவில்லை! இராமன் படத்திலும் ஏமாறலாம். மாலிப்டினம் ஆக்சைடு மிச்சமிருந்தால் 158, 337 எண்களுக்கருகே அதன் கோடுகளும் எழும். 819, 995 ஆகிய இடங்களையும் பாருங்கள். அங்கே கோடு இருந்தால் ஆக்சைடு உள்ளது.

மற்றொரு சோதனைக்குத் தொலைதூரக் கருவி வேண்டா. நான்கு முனை மின்தடை அளவி முதுநிலை இயற்பியல் ஆய்வகங்களில் பொதுவாக உண்டு. பொடியை வில்லையாக அழுத்தி, மிதமாகச் சூடேற்றித் தடை கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். துகள்களுக்கிடையேயான தடை முடிவைக் குழப்பும் என்பதையும் மறவாதீர்கள். சூடேறும்போதும் ஆறும்போதும் இருமுறை அளவெடுப்பது அவசியம். இரண்டும் ஒத்துவராவிட்டால், நீங்கள் அளந்துகொண்டிருந்தபோதே பொருள் மாறிவிட்டது என்று ஐயுறலாம்.