முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டு

நிரல் எழுதுகிறவர்களிடம் வளரும் பட்டியல்களுக்குத்தான் மவுசு. எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். இடம் போதாவிட்டால் மொழியே வேறு இடம் பார்த்துத் தந்துவிடும். அளவு மாறாத அரே பழைய சாமான் என்று ஒதுங்கிக் கிடக்கிறது. என் கட்சி வேறு. அதன் அழகைப் பார்க்க, கூகுள் 2009-இல் வெளியிட்ட கோ மொழிக்கு வர வேண்டும்.

கோ மொழியில் அரேயின் அளவும் அதன் வகையைச் சேர்ந்தது. மூன்று எண்கள் கொண்ட அரே வேறு, நான்கு எண்கள் கொண்ட அரே வேறு. ஒன்று கேட்கும் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் கம்பைலர் வாசலிலேயே மறித்துவிடும். தொடக்ககாலப் பாஸ்கல் மொழியிலும் இதே கண்டிப்பு இருந்தது. பத்து உறுப்புகளை வரிசைப்படுத்த எழுதியது இருபதுக்கு உதவவில்லை. பிரையன் கெர்னிகன் 1981-இல் ஒரு கட்டுரையில் இதை வறுத்தெடுத்தார். நியாயமான கோபம்தான். கோ இதை அழகாகச் சமாளித்தது. அளவு முன்கூட்டித் தெரியாத வேலைகளையெல்லாம் ஸ்லைஸ் என்ற வளரும் பட்டியலிடம் ஒப்படைத்துவிட்டு, அரேயின் பிடிவாதத்தில் கை வைக்காமல் விட்டது.

அந்தப் பிடிவாதம் எங்கே இனிக்கிறது? எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறை, எந்தத் தரவைக் கொடுத்தாலும், எப்போதும் 32 பைட் தரும், கூடாது, குறையாது. கோவின் நூலகம் அதை 32 பைட் அரேயாகவே திருப்பித் தருகிறது. நீளம் சரிதானா என்று பார்க்கும் வரி எவருடைய நிரலிலும் வேண்டியதில்லை. இரண்டு அரேக்களை இரட்டைச் சமக்குறி போட்டு நேரடியாக ஒப்பிடலாம்; மேப்பின் சாவியாகவும் வைக்கலாம். ஸ்லைஸுக்கு அந்த யோக்கியதை இல்லை. ஒரே உள்ளடக்கம் கொண்ட கோப்புகளைத் தேடிப் பிடிக்கும் நிரலை, கோப்பின் ஹாஷையே சாவியாக வைத்து, சில வரிகளில் முடித்துவிடலாம்.

சி மொழியில் அரேயைச் செயற்கூறுக்கு அனுப்பினால் முதல் உறுப்பின் முகவரிதான் போய்ச் சேரும். நீளம் வழியில் தொலைந்துவிடும். கோ மொழியில் அரே முழுவதும் நகலாகிப் போகிறது. பெரிய அரேக்களுக்கு இது வீண் செலவுதான், பாயின்டரைக் கொடுப்பதே நல்லது. 32 பைட்டுக்கு யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

நான் ரசித்துப் படிக்கும் இடம் கோவின் அதே நூலகத்தில் உள்ள ஆர்சி4. ரான் ரிவெஸ்ட் 1987-இல் வடிவமைத்த மறையாக்கம் அது. பலவீனங்கள் அம்பலமாகி, 2015-இல் இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையில் தடையும் வந்துவிட்டது. பாதுகாப்புக்கு ஆகாது, படிப்பதற்கு ஆகும். 256 அறைகள் கொண்ட ஓர் அரே, அதற்குள் உலவும் இரண்டு சுட்டெண்கள். இரண்டுமே 8 பிட். 8 பிட்டில் 255-க்கு மேல் எண் கிடையாது. ஒன்று கூட்டினால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எனவே 256-ஆல் வகுத்து மீதி எடுக்கும் வேலை இல்லை. சுட்டெண் எல்லை தாண்ட வழியே இல்லை என்பது கம்பைலருக்கும் தெரியும். வழக்கமாக நுழைக்கும் எல்லைச் சோதனையை அது இங்கே எழுதுவதில்லை. 256-ஐ 255 ஆக்கிப் பாருங்கள்: அந்தச் சோதனை உடனே வந்து உட்கார்ந்துகொள்ளும்.