ஈமான் கொள்ளுதலும் காதுப் பஞ்சும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்புக்குச் சீறாப்புராணத்தின் ‘மதியை அழைப்பித்த படலம்’ பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள். “ரீச்சர், சந்திரன் பிளந்ததை அபூஜஹ்ல் தன்ர கண்ணாலயே கண்டவன்தானே? பிறகேன் ஈமான் கொள்ளேல்ல?” நான் வாய் திறக்க முன்னம் பக்கத்திலிருந்தவள் விடை சொல்லிவிட்டாள்: “அவனுக்கு விருப்பமில்லை, அதான்.”

நமது பயான்களில் பெரும்பாலும் கேட்கும் விடையும் அதுதான். எனக்கு அது போதவில்லை. விடை சொன்னவளிடம் கேட்டேன்: “சரி, இப்ப எங்கட முற்றத்தில ஒரு யானை நிக்குது எண்டு நம்பு பாப்பம். நம்பினால் ஆயிரம் ரூபாய் தாறன்.” அவள் கண்ணை இறுக்க மூடி முயன்று பார்த்தாள். வகுப்பே சிரித்தது. “ஏலாது ரீச்சர். நம்பினன் எண்டு சொல்லத்தான் ஏலும்” என்றாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பெரிய கேள்வியொன்று இருக்கிறது. விரும்பியவுடன் நம்ப மனிதனால் ஏலுமா? ஏலாதென்றால், நம்பாதவனைக் குற்றம் சொல்வது எப்படி நியாயமாகும்?

முதலில் சொல்லைப் பார்ப்போம். சீறாவின் நுபுவ்வத்துக் காண்டத்தில் ஒரு படலத்தின் பெயர் ‘உமறு கத்தாப் ஈமான் கொண்ட படலம்’. அறபுப் பெயர்ச்சொல்லோடு தமிழ் வினையொன்று சேர்ந்திருக்கிறது. ‘கொள்’ என்பது ஆராய்ந்து எடுத்துக்கொள்வதையும் குறிக்கும். கொள்முதல், கொள்வனவு என்கிறோம். அதே வினைதான் அச்சங் கொண்டான், மயக்கங் கொண்டான் என்பவற்றிலும் வருகிறது. அச்சத்தை யாரும் தெரிவுசெய்து எடுப்பதில்லை. அது வந்து பிடிக்கிறது. பேச்சிலும் இப்படித்தான். ‘நம்பிக்கை வைச்சன்’ என்கிறோம். ‘எனக்கு நம்பிக்கை வரேல்ல’ என்றும் சொல்கிறோம். ஈமான் மனிதன் எடுத்துக்கொள்வதா, அவனிடம் வந்து சேர்வதா? தமிழ் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது.

உமர் (ரழி) அவர்களின் வரலாறு எல்லாரும் அறிந்தது. நபி (ஸல்) அவர்களைக் கொல்ல வாளோடு புறப்பட்டவர், தங்கை பாத்திமாவின் வீட்டுக்குத் திரும்புகிறார். அடிக்கிறார். தங்கையின் இரத்தத்தைக் கண்டதும் மனம் இளகுகிறது. ஓதிக்கொண்டிருந்த ஏட்டைத் தரும்படி கேட்கிறார். தாஹா அத்தியாயத்தை வாசிக்கிறார்; உள்ளம் மாறுகிறது. இங்கே உமர் தெரிந்து செய்தது எது? ‘இனி நம்புகிறேன்’ என்று அவர் முடிவெடுக்கவில்லை. ஏட்டைக் கேட்டார். சுத்தம் செய்துகொண்டு வா என்று தங்கை சொன்னபோது அதற்கும் இணங்கினார். அவ்வளவுதான் அவர் கையிலிருந்தது. மற்றது வந்து சேர்ந்தது.

5027 விருத்தங்களில் 92 படலங்களாக விரியும் சீறாவில், அலங்காரத்தை அளந்தால் மதியை அழைப்பித்த படலம் முன்னுக்கு நிற்கும். மனித உண்மையை அளந்தால் உமறுவின் படலந்தான் உயர்ந்தது என்பேன். அற்புதத்தைக் கண்டு ஹபீபு மன்னன் ஈமான் கொள்கிறான். அதையே கண்ட அபூஜஹ்ல் சூனியம் என்கிறான். காட்சி ஒன்று, முடிவு இரண்டு. ஏன் என்பதற்குள் புலவர் அதிகம் இறங்கவில்லை. சீறாவின் அபூஜஹ்ல் பெரும்பாலும் நம் காப்பிய மரபின் எதிர்மாந்தனாகவே நிற்கிறான். கல்நெஞ்சன் என்பதோடு கதை முடிகிறது. இது சீறாவின் குறை என்றே கருதுகிறேன்.

இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு வேறொரு அபூஜஹ்லைக் காட்டுகிறது. அவனும் இன்னும் இருவரும், ஒருவருக்கொருவர் தெரியாமல், மூன்று இரவுகள் ஒளிந்திருந்து நபியவர்களின் ஓதலைக் கேட்கிறார்கள். கேட்டது பற்றி என்ன நினைக்கிறாய் என்று பிறகு ஒருவர் கேட்டபோது, அவன் ஓதலின் உண்மை பொய்யைப் பேசவில்லை. குலப்போட்டியைப் பேசுகிறான். கொடையில், விருந்தில் எல்லாம் அவர்களோடு சரிக்குச் சரி நின்றோம், நபி என்றால் நாங்கள் எங்கே போவது என்பதுதான் அவன் கவலை. உள்ளத்துக்கு எட்டியதை ஒப்புக்கொள்ள மறுக்கும் மனிதன் இவன். நமது அகீதா அறிஞர்கள் மஃரிபத் என்ற அறிதலையும் தஸ்தீக் என்ற உளமார ஏற்றலையும் வேறாக்கிப் பேசியது இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான். அறிதல் வந்து விழலாம். அதற்குத் தலைகுனிவதும் குனியாததும் நம் பொறுப்பு.

இன்னொரு சாட்சி துபைல் இப்னு அம்ர் அத்தவ்ஸீ (ரழி). அவர் ஒரு கவிஞர். மக்காவுக்கு வந்தபோது, முஹம்மதின் பேச்சைக் கேட்டுவிடாதே என்று குறைஷிகள் பயமுறுத்த, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். பிறகு தன்னையே நொந்துகொண்டார்: நானோ புத்தியுள்ள கவிஞன், நல்லதும் கெட்டதும் எனக்குத் தெரியாதா, கேட்டால் என்ன? பஞ்சை எடுத்தார், கேட்டார், ஈமான் வந்தது. என் மாணவிக்கு நான் தேடிய விடை இந்தப் பஞ்சில் இருக்கிறது. நம்பிக்கை நம் கட்டளைக்கு வராது. பஞ்சை வைப்பதும் எடுப்பதும் நம் கட்டளைக்கு உட்பட்டவை. கணக்குக் கேட்கப்படுவதும் அதற்குத்தான் என்று விளங்கிக்கொள்கிறேன்.

இது மக்காவோடு முடிந்த சங்கதி அல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அரச உத்தியோகத்துக்கு ஞானஸ்நானத்தை நிபந்தனையாக்கினார்கள். பதிவேடுகளில் பெயர்கள் நிறைந்தன. 1795இல் பிரித்தானியர் வந்து அந்த நெருக்குதல் விலகியதும், பதிந்தவர்களில் பெரும்பாலோர் பழைய வழிபாட்டுக்கே வெளிப்படையாகத் திரும்பினார்கள். என் மாணவி சொன்னதுதான்: சொல்லத்தான் ஏலும். அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் மார்க்கத்தில் பலவந்தத்தை விலக்குவதை நாம் ஒரு சட்டமாக மட்டும் வாசிக்கிறோம். மனித உள்ளத்தின் இயல்பைச் சொல்லும் வசனமாகவும் அதை வாசிக்கலாம்.

ஆறுமுக நாவலரை எடுங்கள். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு பல ஆண்டுகள் இருந்து விவிலியத்தைத் தமிழாக்கினார்; அது 1850இல் அச்சானது. அவ்வளவு நெருங்கி வாசித்தும் அவர் சைவராகவே இருந்தார். சி. வை. தாமோதரம்பிள்ளையோ கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வட்டுக்கோட்டை செமினரியில் படித்து, பின்னர் சைவரானார். நாவலரின் மனவுறுதியை மெச்சுவோரும், பிடிவாதம் என்று குறைப்படுவோரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள்: நம்பிக்கையை மனத்திண்மையின் விளைவாகக் காண்கிறார்கள். அவர் காதில் பஞ்சு இருக்கவில்லை என்பதுதான் நான் காணும் சிறப்பு.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சின்னப் பிள்ளை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு சோனகத் தெருவுக்குத் திரும்பினேன். முதல் கிழமையே பக்கத்து வளவுத் தமிழ் அக்கா தேத்தண்ணியோடு வந்து கேட்டா: “தங்கச்சி, எங்களை இனி நம்புவியளோ?” ஓம் என்று சொல்ல ஆசைதான். சொன்னால் பொய்யாகிவிடும். “தெரியேல்ல அக்கா” என்றேன். அவ கோபிக்கவில்லை. அடுத்த நாளும் வந்தா. நானும் போனேன். அந்த நாட்களில் அவ வீட்டில் நடந்தவற்றை அவ சொல்ல நான் கேட்டேன். எங்கட கதையை நான் சொல்ல அவ கேட்டா. போவதும் கேட்பதும் மட்டும் என் கையிலிருந்தன.

பல வருடங்கள் கழித்து, உம்மாவை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒரு நாளில், வீட்டுத் திறப்பை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு ஓட்டோவில் ஏறினேன். பாதி வழியில்தான் யோசித்தேன்: எப்போதிருந்து இவவை நம்புகிறேன்? எனக்கு நாள் தெரியவில்லை.